காலடிப்பேட்டையும் ஒட்டுப் போர்வையும்



பங்குனி வெயில் வந்தால் நம்ம பாட்டிமார் பழைய சேலைகளை வெளியே எடுப்பாங்க. நாலாக மடித்து, நூலோட்டி, தொட்டில் பிள்ளைக்கு விரிப்புத் தைப்பாங்க. ‘கந்தல்தானே’ என்று நினைக்க வேண்டாம். ஒட்டுத் துணிக்கும் சரித்திரம் உண்டு.

திருவொற்றியூரில் காலடிப்பேட்டை இருக்கிறதல்லவா? யாருடைய காலடி அது? காலடியே இல்லீங்க! 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். காலெட் பேட்டைதான் பேச்சுவாக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று.

அந்நாளில் சோழமண்டலக் கரைச் சீட்டித் துணிக்குச் சீமையில் ஏக கிராக்கி. அதன் சிவப்பு, கடலோர மணலில் வளரும் இம்பூறல் என்கிற சாயவேர் தந்தது. படிகாரம் சேர்ந்தால் துவைத்தாலும் போகாது. சீமைப் பெண்கள் துண்டுத் துணியைக்கூட வீணாக்கவில்லை. இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் மாளிகையில், இந்தியச் சீட்டித் துண்டுகளால் தைத்த ஒட்டுப் போர்வை இருக்கிறது. 1708 வாக்கில் தைத்தது என்பது வழிவழியாக வரும் பேச்சு.

தங்கள் நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று 1721-ல் அங்கே சட்டம் போட்டார்கள். சாயமிட்ட பருத்தித் துணியில் பெரும்பாலானதை உடுத்தவும் கூடாது, வீட்டில் விரிக்கவும் கூடாது! பின்னால் 1868-ல் ஜெர்மன் ரசாயனிகள் அலிசரின் என்ற சிவப்பைச் செயற்கையாகவே செய்தார்கள். சாயவேருக்கு மவுசு போயிற்று.

மாளிகைப் போர்வை பத்திரமாக இருக்கிறது. வேர் தோண்டியவர், நெய்தவர் பெயர் ஒன்றும் இல்லை. பேட்டைக்கும் கவர்னர் பெயர்தான். ஆகவே பாட்டி தைத்த விரிப்பை எறியாதீங்க. எந்தச் சேலை, யார் கட்டியது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வையுங்க. அதுவும் சரித்திரம்தான்.