ஆறாவது ஆள்: ஹாஸ்யக் கதை பற்றி ஒரு சரித்திரக் குறிப்பு

நம் வட்டத்தில் ஹாஸ்யக் கதை என்றால் ஒரு முகச்சுளிப்பு உண்டு. அது வாரப் பத்திரிகைக்காரர்களின் சரக்கு. ரயிலில் படித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கவேண்டிய சமாசாரம். நானும் பத்து வருஷங்களாக இதையே சொல்லி வந்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். ஆனால் சென்ற இரண்டு வருஷங்களில் பதினோரு ஹாஸ்யக் கதைகளை நானே எழுதிவிட்டதால், அந்த அபிப்பிராயத்தை மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டியதாகிவிட்டது. கதைகளைப் பிரசுரிக்கும் உத்தேசம் இல்லை. அவற்றை எழுதிய இரவுகளில் எனக்குத் தூக்கம் வந்தது. ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அதற்கு இந்த வகை எழுத்தின் சரித்திரத்தில் கொஞ்ச தூரம் பின்னால் போகவேண்டியிருந்தது.

எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்று சொல்பவர் (1680–1747), பரமார்த்த குருவின் கதையை எழுதினார். பெஞ்சமின் பாபிங்டன் அதை இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு 1822-இல் லண்டனில் அச்சிட்டார். தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் வர (1879) இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அந்தக் கதையில் குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை எண்ணவில்லை. ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் அழுது புரள்கிறார்கள். வழியோடு வந்தவன் ஒருவன், ஆளுக்கொரு அடி கொடுத்து, அடி விழுந்ததும் அவனவன் பேரைச் சொல்லவேண்டும் என்கிறான். ஆறு அடி, ஆறு பேர். காணாமல் போனவன் கிடைத்துவிட்டான்.

வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் கதையில் ஒரு விசேஷப் பிடிப்பு உண்டு. சாயங்காலம் ரொக்கம் ஒத்துவராவிட்டால் எல்லாச் சீட்டுகளையும் புரட்டுகிறோம், எல்லோரையும் சந்தேகிக்கிறோம். பிழை பெரும்பாலும் எண்ணியவன் கையில்தான் இருக்கும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்களாக அது சொல்லும் நான்கில் முதலாவது எள்ளல். உரையாசிரியர் பேராசிரியர் இந்த எள்ளலை இரண்டாகப் பார்க்கிறார். பிறரை எள்ளி நாம் சிரிப்பது ஒன்று. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரித்துவிடுவது மற்றொன்று. ஹாஸ்யக் கதை பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்தப் பிரிவுக்குள் அடங்கிவிடுகிறது. முதல் வகைச் சிரிப்பில் சிரிக்கிறவன் கரையில் நின்று ஐந்து பேரை எண்ணிக்கொண்டிருக்கிறான். இரண்டாவது வகையில் அடி தன் முதுகில் விழ, தன் பேரைத் தானே சொல்கிறான். ஆற்றுகிற குணம் இந்த இரண்டாவதற்கு மட்டுமே உண்டு என்று எனக்குப் படுகிறது.

முதல் வகைக்கு உதாரணம் தேடி நான் அதிக தூரம் போகவேண்டியதில்லை. எங்கள் தருமபுரி 1965 வரை சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. அந்தப் பழைய ஜில்லாவின் மறுகோடியில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், 1925-இல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929-இல் அங்கிருந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே ‘விமோசனம்’ என்ற மாதப் பத்திரிகை வந்தது. ராஜாஜி ஆசிரியர், கல்கி துணையாசிரியர். பத்து இதழ்கள் வந்தன. 1930-இல் உப்பு சத்தியாக்கிரகம் வந்தது, ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார், பத்திரிகை நின்றது. பின்னாளில் லட்சக்கணக்கானவர்களைச் சிரிக்கவைத்த கல்கியின் கதை சொல்லும் கை பழகிய இடங்களில் அந்த ஆசிரமமும் ஒன்று என்பதை நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்திரிகையின் நோக்கத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ராஜாஜி பிரதமராக வந்ததும், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கு வந்தது எங்கள் ஜில்லாவில்தான். ஆனால் இலக்கியமாகப் பார்க்கும்போது, அது குடிக்காதவர்கள் குடிப்பவர்களைப் பற்றி நடத்திய பத்திரிகை. அந்த நாளில் கள்ளுக்கடை வாசலில் நின்றவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. படித்தவர் வேறு, படிக்கப்பட்டவர் வேறு. பிரசாரக் கதையில் ஹாஸ்யம் எவ்வளவு லகுவாக இருந்தாலும் எழுதுகிறவன் கால் நனைவதில்லை. சட்டம் கொண்டுவர அது உதவலாம். குடிகாரன் வீட்டில் இருப்பவர்களுக்கு அது என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வி எனக்கு எங்கள் வீட்டிலிருந்து வந்தது.

என் அப்பா புளி மண்டியில் கணக்கெழுதினார். தை பிறந்து புளி வரத் தொடங்கினால் அவர் சட்டை, குடை, சம்பள நோட்டு எல்லாம் புளி வாசனை அடிக்கும். பங்குனி முடிந்து மண்டி ஓய்ந்தால் குடிப்பார் என்றுதான் அம்மா சொல்வாள். அம்மா நல்லவள், அவர் எல்லா மாதங்களிலும் குடித்தார். பன்னிரண்டு வயதில் நான் ஒரு நோட்டுப் போட்டுக் கணக்கெழுத ஆரம்பித்தேன். தேதி, எத்தனை ரூபாய், எத்தனை மணிக்கு வந்தார், என்ன உடைந்தது, எங்கே வாங்கினார். 2003-இல் சில்லறைக் கடைகளை டாஸ்மாக் எடுத்துக்கொண்டபோது கடைசிக் கலத்தில் கடைக்காரர் பேரை அடித்துவிட்டு ‘அரசாங்கம்’ என்று எழுதினேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. இதில் சிரிக்க ஏதாவது இருப்பதாகத் தோன்றவில்லை. அப்படி நான்கு நோட்டுகள் ஆயின.

ஈரல் கெட்டு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதங்கள் நான் இரவில் கூட இருந்தேன். எங்களுக்குள் பேச எதுவும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் விட்டுப்போன பழைய புத்தகம் ஒன்று கிடந்தது: பாக்கியம் ராமசாமியின் அப்புசாமிக் கதைகள். தொப்பூர்க் கணவாயைத் தாண்டி மேச்சேரி வழியாகப் போனால் ஜலகண்டபுரம். அந்த ஊர்க்காரர் ஜ.ரா. சுந்தரேசன் (1932–2017). அம்மா பேரையும் அப்பா பேரையும் சேர்த்துப் புனைபெயர் வைத்துக்கொண்டு 1963 முதல் குமுதத்தில் இந்த அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் உலவவிட்டவர். நான் ஒருநாளும் மதித்துப் படித்ததில்லை. வேறு வழியில்லாமல் உரக்கப் படித்தேன்.

அப்புசாமி ஒரு கிழவர். கையில் காசு இராது. இங்கிலீஷ் பேசும், பாட்டிகள் முன்னேற்றக் கழகத் தலைவியான மனைவியிடம் திட்டு வாங்குவதும், திட்டம் போட்டுத் தோற்பதும்தான் அவர் வாழ்க்கை. இரண்டாவது கதையில் அப்பா சிரித்தார். வயிறு வீங்கியிருந்ததால் சிரிப்பு அவருக்கு வலித்தது. “இவன் நம்ம ஆளாட்டம் இருக்கறானே சாமி” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டே, “உன் நோட்டுல ஒரு தப்பு இருக்குதுடா. நாலாவது நோட்டு. ஆடி மாசத்துல ஒரே நாளை ரெண்டு தரம் எழுதிட்டே. கூட்டல்ல நூத்தி நாப்பது ரூவா ஏறிப்போச்சு” என்றார்.

அவர் அதைப் படித்திருந்தார். மண்டிக் கணக்குப்பிள்ளையல்லவா, கூட்டியும் பார்த்திருந்தார். இத்தனை வருஷம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். பேராசிரியர் சொன்ன இரண்டாவது சிரிப்பை அன்றுதான் நேரில் பார்த்தேன். எள்ளப்பட்டவர் அவர், முதலில் சிரித்தவரும் அவரே.

சிரிப்பு அவர் ஈரலைச் சரிசெய்யவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும். சிரிப்பே மருந்து என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் நார்மன் கஸின்ஸ் 1979-இல் வெளியிட்ட நூலில், பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் தன்னால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். இருக்கலாம். நமக்குப் புதுமைப்பித்தன் இருக்கிறார். 1943-இல் எழுதிய கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் கதையில் கடவுளையே சென்னை பிராட்வேக்கு வரவழைத்து, காபி வாங்கிக்கொடுத்து, சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாராகவும் ஆக்கிவிட்டார். அதை எழுதியவர் ஐந்து வருஷத்தில், 42 வயதில், காசநோயில் போனார். ஆனால் பத்திரிகைக் கூலியில் காலம் தள்ளிய மனிதர், சந்தா பிடிக்கிற பத்திரிகைக்காரரை மையத்தில் வைத்து அந்தக் கதையை எழுதினார் என்பதைக் கவனிக்கவேண்டும். எண்ணிக்கையில் அவரும் இருக்கிறார். கதையின் ஆனந்தம் அங்கிருந்து வருகிறது.

பி.ஏ.யில் பாடமாகப் படித்த சார்லஸ் லாமையும் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 1792 முதல் 1825 வரை குமாஸ்தா. 1796-இல் அவர் அக்கா மேரி, புத்தி பேதலித்த நிலையில், தாயைக் கத்தியால் குத்திக் கொன்றாள். லாமுக்கு அப்போது 21 வயது. அக்காவைக் கடைசிவரை தானே வைத்துப் பார்த்துக்கொண்டார். அவளுக்கு நோய் திரும்பத் திரும்ப வந்தது. 1823-இல் நூலாக வந்த எலியா கட்டுரைகளில் எலியா என்ற கற்பனைக் குமாஸ்தாவைப் பேசவிட்டு, அவன் வழியே தன்னையே பரிகாசம் செய்துகொண்டார். அக்கா அங்கே வேறு பேரில் ஓர் உறவுக்காரியாக உலவுகிறாள். கட்டுரை என்று பேர் இருந்தாலும் அதில் கதையின் வேலை பாதி இருக்கிறது. அந்தச் சிரிப்பு காயத்தை மூடவில்லை. காயத்தோடு ஒரே வீட்டில் இருக்க இடம் செய்துகொடுத்தது.

அப்பா போனபின் நான் எழுதிய முதல் மூன்று கதைகள் ஒரு குடிகாரனைப் பற்றியவை. அவன் கோழியை விற்பான், குடையை விற்பான், விற்ற குடையையே இரவலாகக் கேட்பான். சம்பவங்கள் எல்லாம் நடந்தவைதான். படித்தால் சிரிப்பும் வரும். எழுதி முடித்தபோது பழைய நோட்டை மூடிய அதே கசப்புதான் மிஞ்சியது. என் வீட்டிலேயே ஒரு ‘விமோசனம்’ நடத்திக்கொண்டிருந்தேன். நான்காவது கதையில் குடிகாரனை ஓரமாக நகர்த்திவிட்டு, கதவிடுக்கில் பென்சிலோடு நிற்கும் பையனை நடுவில் கொண்டுவந்தேன். பெரிய ஆடிட்டர் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு, உடைந்த டம்ளருக்குத் தேய்மானம் போடுகிற பையன். அப்பா விழுந்தால் தூக்குவதற்கு முன் மணி பார்க்கிற பையன். அவனைப் பார்த்துச் சிரிக்க முடிந்தபோது அவன் மேல் இரக்கமும் வந்தது. அந்த இரக்கம் கொஞ்சம் தள்ளி அப்பா இருந்த இடத்துக்கும் போயிற்று. அன்றிரவு தூங்கினேன்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் நாம் வாரப் பத்திரிகைக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்ட சிலரைத் திரும்ப அழைக்கத் தோன்றுகிறது. அரூரைத் தாண்டிக் கிழக்கே போனால் திருவண்ணாமலை. அங்கே வக்கீலாக இருந்த எஸ்.வி.வி. (1880–1950) குடும்பஸ்தனின் அவஸ்தைகளை அந்தக் குடும்பஸ்தர்களில் ஒருவராக இருந்தே எழுதினார். தேவனின் துப்பறியும் சாம்பு என் சொந்த ஜாதி, வங்கிக் குமாஸ்தா. அவன் அசட்டுத்தனத்தில் தேவனுக்கு வெறுப்பு ஒரு துளிகூட இல்லை. இவர்களிடம் ஆழம் போதாது என்பது உண்மையாக இருக்கலாம். நம் எழுத்தில் ஆழம் இருக்கிறது, ஆளைத்தான் காணோம். சமூகத்தின் பொய்மை, மத்திய வர்க்கத்தின் அற்பத்தனம், வாசகனின் ரசனையின்மை என்று முப்பது, நாற்பது பக்கச் சிற்றிதழ்களில் விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் கணக்கில் ஒருவர் குறைகிறார். துக்கம் கொண்டாடுகிறோம், அதை நவீனம் என்றும் சொல்லிக்கொள்கிறோம்.

ஒரு ஹாஸ்யக் கதையை மதிப்பிட எனக்கு இப்போது ஒரு கேள்வி போதும்: எழுதியவன் எண்ணிக்கையில் இருக்கிறானா?

நான்காவது நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஆடி மாதத்தில் ஒரு நாளை இரண்டு தரம் எழுதியிருப்பது நிஜம்தான். நூற்று நாற்பது ரூபாய் அதிகம். திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.