கல் மூட்டுக்கு ஏற்ற மருந்து

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையின் மேலைக்கோயிலில் லிங்கத்துக்கும் ஆவுடையாருக்கும் நடுவே மூட்டு என்று ஒன்று கிடையாது. குன்றைக் குடைந்தவர்கள் சுற்றியிருந்த பாறையை வெட்டி எடுத்துவிட்டு, லிங்கத்தையும் பீடத்தையும் தாய்ப்பாறையிலேயே விட்டுவைத்தார்கள். எவ்வளவு நீர் ஊற்றினாலும் உள்ளே இறங்க வழியில்லை. அதே மாவட்டத்தில், நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் 9ஆம் நூற்றாண்டில் கல் அடுக்கிக் கட்டிய கோயில். சாத்தன் பூதி எடுப்பித்த அந்தக் கற்றளி மழையால் சிதைந்ததையும், மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததையும் அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. கட்டுமானக் கோயில் வந்த பிறகு லிங்கம் தனிக்கல், ஆவுடையார் தனிக்கல். ஒன்றின் குழியில் மற்றொன்றை நிறுத்தினால், எத்தனை நுணுக்கமாகக் கொத்தினாலும் சுற்றிலும் ஒரு நூலிடைச் சந்து நிற்கும். தினமும் நீரும் பாலும் எண்ணெயும் விழுகிற இடத்தில் அந்தச் சந்தை எதைக் கொண்டு அடைப்பது? எட்டுப் பொருள்கள் சேர்ந்த அஷ்டபந்தன மருந்து இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை. அதைச் சடங்குப் பொருளாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதால், அது தேர்ந்த ஓர் அடைப்புப் பொருள் என்பது நம் கண்ணில் படாமலே போகிறது. (மூட்டே வேண்டாம் என்று முடிவுகட்டியதுபோல, இதே மாவட்டத்தின் ஆவுடையார்கோயில் கருவறையில் ஆவுடையார் மட்டும் உண்டு, லிங்கம் கிடையாது. அது தத்துவத்தால் வந்தது, கல்தச்சரின் சிக்கனத்தால் அல்ல.)

மருந்துப் பட்டியல் சம்பிரதாயத்துக்குத் தக்கபடி சற்று மாறும். பரவலாகச் சொல்லப்படுபவை எட்டு: கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, ஜாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். இவற்றை வேலைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் யோசனை புலப்படும். அரக்கும் குங்கிலியமும் கல்லைப் பற்றுகிற பிசின்கள், இரண்டும் நீரில் கரையாதவை. ஆனால் அரக்கு மட்டும் இறுகினால் கண்ணாடிபோல் நொறுங்கும். அந்த நொறுங்கலைத் தணித்து நெகிழ்வு தர மெழுகும் வெண்ணெயும். குளிரும்போது பிசின் சுருங்கி விரிசல் விடாதபடி உடலை நிரப்ப சுக்கான் தூளும் காவியும். இழை ஓடிப் பிடித்துக்கொள்ளப் பஞ்சு. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த ஜாதிலிங்கம், பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் காக்கும் என்று சேர்க்கப்பட்டது. இன்றைய அடைப்புப் பொருள்களிலும் இதே யோசனைதான்: மேல்நாடுகளில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டிகளின் வெளிவிளக்கையும் ஜன்னல் சட்டத்தையும் பொருத்த பியூட்டைல் நாடா ஒட்டுகிறார்கள். பற்றும் பொருள், நெகிழ்வு தரும் பொருள், நிரப்பும் தூள் என்பதுதான் அதன் உள்ளடக்கமும்.

செய்முறையிலும் இதே கவனம் தெரிகிறது. பிசின்களைப் பொடித்துச் சலித்து, உருக்கிய மெழுகோடு சேர்த்து, கல்லின் மேல் கொட்டி இரும்புச் சம்மட்டியால் இடிக்கிறார்கள். முதலில் கட்டி உடைந்து தெறிக்கும். அவ்வப்போது வெண்ணெய் தொட்டுக்கொண்டு விடாமல் இடிக்க இடிக்க, அடியின் சூட்டிலேயே அது இளகி, செம்பழுப்பு நிறத்தில் இழுத்தால் இழுபடும் பதத்துக்கு வரும். கை ஓய்ந்தால் இறுகிவிடும் என்பதால் ஆள் மாற்றி ஆள் இடிப்பார்கள். பதம் வந்ததும் கயிறாகத் திரித்து, சூடு ஆறுவதற்குள் மூட்டைச் சுற்றி வைத்து விரலால் அழுத்துகிறார்கள். ஆறினால் கல்போல் இறுகும், திரும்பச் சூடு காட்டினால் இளகும்.

திரும்ப இளகும் இந்தத் தன்மையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மருந்தின் ஆயுள் 12 ஆண்டு என்பது மரபு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பழைய மருந்தை எடுத்துப் புதியதைச் சாத்திக் குடமுழுக்குச் செய்ய வேண்டும். அதற்கு முன் பாலாலயம் அமைத்து, மூலவரின் சக்தியை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். சடங்கின் மொழியை நீக்கிப் பார்த்தால், இது பராமரிப்புக்காகக் கருவறையை ஓய்வில் விடும் ஏற்பாடு. மூட்டு திறந்திருக்கும் அந்த நாட்களில் நீர் இறங்கியதா, பீடம் சாய்ந்ததா என்று பார்க்க முடிகிறது. கல்லுக்குச் சேதமில்லாமல் கழன்று வருகிற பொருளாக இருந்தால்தான் இது நடக்கும்.

இதை மறுப்பவர்கள் இரண்டு விதம். சடங்குக்குப் பின்னால் பொறியியலைத் தேடுவது இல்லாததைக் கற்பிப்பது என்பது ஒன்று. பொதுவாக எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, ‘முன்னோர் விஞ்ஞானம்’ என்று கிளம்புகிறவற்றில் பாதி வெறும் பேச்சு. ஆனால் இங்கே சான்று பொருளிலேயே இருக்கிறது. மாத்திரைகள் வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைய அரக்கிலிருந்து எடுத்த பூச்சைப் பூசுவார்கள். அமிலம் அரக்கை ஒன்றும் செய்யாது, காரம் கரைக்கும். தயிரும் எலுமிச்சைச் சாறும் விழுகிற மூட்டில் வெறும் சுண்ணாம்போ சிமென்ட்டோ இருந்தால் புளிப்பு அதை நாளுக்கு நாள் அரிக்கும், அரக்கு தாங்கும். அதற்கு விலையும் உண்டு: ஈரத் திருநீறு காரம், எண்ணெய் மெழுகை இளக்கும். மருந்து தேயத்தான் செய்யும். 12 ஆண்டுக் கணக்கு அந்தத் தேய்மானத்தோடு பொருந்தி வருவதை வெறும் எண் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியவில்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. இன்று எப்பாக்சி இருக்கிறது, சிலிக்கான் இருக்கிறது. பல கிராமக் கோயில்களில் 12 ஆண்டு கடந்து தலைமுறையே போய்விடுகிறது. அப்படியானால் நீண்டு உழைப்பதைப் பூசினால் என்ன? 1948இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பின் அரசர் காலக் கோயில்கள் பல இன்று அறநிலையத் துறையின் கீழ்ப் புதுக்கோட்டை தேவஸ்தானமாக இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே காலத்தில் பணம் கிடைப்பதில்லை. இது உண்மை. ஆனால் எப்பாக்சி இறுகிய பின் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும், உளி முதலில் பதம்பார்ப்பது கல்லின் விளிம்பை. சிலிக்கான் உரிந்து வந்தாலும் மெல்லிய படலத்தை விட்டுப்போகும், அதன் மேல் வேறெதுவும் பற்றாது. பழுது பார்க்காமல் நாள் கடத்த உதவும் பொருள், பழுது பார்க்கவே முடியாமல் செய்துவிடுகிறது. மருந்து தேய்ந்தாலோ பீடத்தடியில் பிளவாகக் கண்ணுக்குத் தெரியும்.

இந்தப் பட்டியலில் எதையாவது மாற்றலாம் என்றால் நான் ஜாதிலிங்கத்தைச் சொல்வேன். கடும் சூட்டில் அது பாதரச ஆவியை விடும். இடிக்கும் சூட்டில் ஆபத்து குறைவு, அவசரத்துக்கு அடுப்பில் ஏற்றி உருக்குகிற இடத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பூச்சியைத் தடுக்க வேறு வழிகள் வந்துவிட்ட காலத்தில், மற்ற ஏழையும் வைத்துக்கொண்டு இந்த ஒன்றுக்கு மாற்றுத் தேடுவதை ஸ்தபதிகளும் சிவாசாரியார்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.