திங்கட்கிழமை விரதம்

வாரச் சமையலைத் திட்டமிடுவது இல்லத்தரசியின் தனி ராஜ்யம். அதற்குள் ஒரு பிரதம மந்திரியும் நுழைந்திருக்கிறார். 1965-ல் பாகிஸ்தானுடன் யுத்தம் மூண்டது, மழையும் பொய்த்தது, அமெரிக்கக் கோதுமையோ அவர்கள் மனம் வைத்தால்தான் வரும். வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டுவிடும்படி லால் பகதூர் சாஸ்திரி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை மாலையில் ஹோட்டல்கள்கூட அடுப்பை அணைத்தன.

நம் வீடுகளுக்குப் பட்டினி புதிதல்ல. ஏகாதசி உண்டு; சனிக்கிழமை ஒருபொழுது உண்டு. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசிக் கப்பல் நின்றபோது, ராத்திரிச் சோறு எத்தனையோ வீடுகளில் கோதுமை உப்புமாவாயிற்று. இப்போது புண்ணியத்துக்குச் சோமவாரமும் சேர்ந்துகொண்டது!

எங்கள் தாத்தா இந்த விரதத்தை நிஷ்டையோடு அனுஷ்டித்தாராம். சோற்றைத் தொடமாட்டார், அடைதான். அதற்குப் பாட்டி மத்தியானமே அரிசி நனைத்தாக வேண்டும். அரிசி எவ்வளவுதான் மிச்சமாயிற்று என்று அவளை ஒரு நாள் கேட்டேன்.

"அது யாருக்குடா தெரியும்? எல்லாரும் சாப்பிட்டு மிச்சம் இருந்தால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு. இல்லாவிட்டால் ஒரு டம்ளர் மோர். அதில் திங்கள் என்ன, செவ்வாய் என்ன?" என்றாள்.

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். சில வாரங்களில் தாத்தா சோற்றுக்குத் திரும்பிவிட்டாராம். பாட்டியின் மோரை நானே பார்த்திருக்கிறேன்.