கூட்டரசு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் (அமெரிக்கா)

அமெரிக்கக் கூட்டரசின் படைசாராப் பணியாளர்கள் வேலையில் காயமுற்றாலோ, வேலையால் நோயுற்றாலோ இழப்பீடு வழங்கும் சட்டம். 1916 செப்டம்பர் 7 அன்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் இதில் கையொப்பமிட்டார். மருத்துவச் செலவை அரசே ஏற்கிறது. விபத்தில் காயமடைந்தவருக்கு 45 நாள்வரை சம்பளம் நிற்காது. பின்னும் வேலைக்குத் திரும்ப இயலாதவருக்கு ஊதியத்தில் மூன்றில் இரு பங்கும், சார்ந்து வாழ்வோர் இருப்பின் முக்கால் பங்கும் வரியின்றிக் கிடைக்கும். இதற்கு ஈடாக, அரசின்மேல் நட்ட ஈட்டு வழக்குத் தொடுக்கும் உரிமை ஊழியருக்கு இல்லை.

செலவு யார் தலையில் விழுகிறது என்பதே இச்சட்டத்தில் கூர்ந்து பார்க்கவேண்டிய இடம். தொழிலாளர் துறை முதலில் பணம் கொடுத்துவிட்டு, ஜூலை முதல் ஜூன்வரையான கணக்கை ஆண்டுதோறும் அந்தந்தத் துறைக்கு அனுப்பி வசூலிக்கிறது. தலைமையகக் கணக்கிலேயே அத்தொகை கழிந்துவிடும் துறைகளில், வழுக்கும் தரையைச் சரிசெய்யாத கிளை அலுவலக மேலாளருக்கு அது உறைப்பதில்லை. ஏற்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான்.

வெளிச் சோதனையும் இந்த ஓட்டையை முழுதாக அடைப்பதில்லை. கூட்டரசு அலுவலகங்களைத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் சோதனையிடலாம், குறைகளைச் சுட்டி அறிவிப்பும் தரலாம். தனியார் நிறுவனங்களுக்குப்போல் அபராதம் விதிக்க மட்டும் அதிகாரம் இல்லை. விதிவிலக்காக, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அஞ்சல் சேவை அபராதத்துக்கு உள்ளானது.