கம்ப்யூட்டர்ல ரேடியோ: பிளேயரைத் தேர்ந்தெடுத்தது யார்?

இந்த எபிசோடை நீங்க எந்த ஆப்ல கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியாது. எதுல கேட்டாலும் ஒண்ணுதான், இல்லையா? ஆனா 1990கள்ல கம்ப்யூட்டர்ல ரேடியோ கேக்கணும்னா முதல் கேள்வியே "எந்த சாஃப்ட்வேர்?"தான். அதுல தப்பு பண்ணா, ஸ்டேஷனே கேக்காது. அந்தத் தேர்வு நம்ம கையில இருந்துச்சா, வேற யார் கையிலயாவது இருந்துச்சா? இன்னிக்குக் கதை அதுதான்.

1994 நவம்பர் 7. அமெரிக்காவோட வட கரோலினா மாநிலத்துல சேப்பல் ஹில்னு ஒரு ஊர். அங்க பல்கலைக்கழக மாணவர்கள் நடத்துற டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி. எஃப்.எம்., தன்னோட ஒலிபரப்பை அப்படியே இன்டர்நெட்லயும் விட்டுச்சு. உலகத்துலயே இதைச் செஞ்ச முதல் சில ஸ்டேஷன்கள்ல அது ஒண்ணு. இதுக்காக அவங்க எடுத்துக்கிட்டது கார்னெல் பல்கலைக்கழகத்துல உருவான சி.யூ.-சீமீ. அது ரேடியோ சாஃப்ட்வேரே இல்லை. முகம் பாத்துப் பேசுறதுக்கான வீடியோ புரோகிராம். ரேடியோ கேக்க நினைச்சவங்களும் அதையேதான் போட்டுக்கணும்.

அடுத்த வருஷம், 1995 ஏப்ரல்ல, ரியல்ஆடியோ வந்துச்சு. மைக்ரோசாஃப்டை விட்டு வெளிய வந்த ராப் கிளேசர் சியாட்டில்ல ஆரம்பிச்ச கம்பெனியோட தயாரிப்பு. அதுவரைக்கும் பெரும்பாலும் ஒலி ஃபைல் முழுசா இறங்கின பிறகுதான் கேக்க முடியும். ரியல்ஆடியோல, இறங்க இறங்கவே கேக்கலாம். தரம்? ஃபோன்ல கேக்குற மாதிரிதான். ஆனா 14.4 கிலோபிட் மோடத்துல அதுவே பெரிய விஷயம். அந்த வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி சியாட்டில் மரினர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகளோட பேஸ்பால் மேட்ச் இதுல லைவா போச்சு.

இங்கதான் விஷயம் இருக்கு. பிளேயர் இலவசம். ஒலிபரப்புற சர்வருக்குத்தான் காசு. சர்வர், ஃபார்மட், பிளேயர் மூணுமே ஒரே கம்பெனியோடது. ஸ்டேஷன் ரியல்ஆடியோ வாங்கிட்டா, நேயர்களுக்கும் ரியல்பிளேயர்தான். பின்னாடி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் கூடவே மீடியா பிளேயரைக் கொடுத்து, தனக்குன்னு ஒரு ஃபார்மட்டையும் கொண்டுவந்துச்சு. விளைவு, ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு பிளேயர். ஒரு ஸ்டேஷனுக்கு இது, இன்னொண்ணுக்கு அது.

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. 2004ல ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, மீடியா பிளேயர் இல்லாத ஒரு விண்டோஸையும் விக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. 2005ல ரியல்நெட்வொர்க்ஸோட வழக்கை முடிக்க மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கிட்ட மதிப்பு 76.1 கோடி டாலர்.

ரியல்நெட்வொர்க்ஸ் மட்டும் நல்ல பிள்ளையான்னா, அதுவும் இல்லை. அவங்களோட ரியல்ஜூக்பாக்ஸ், பயனர்கள் என்ன கேக்குறாங்கன்னு சொல்லாமலே கம்பெனிக்குத் தகவல் அனுப்புறது 1999ல அம்பலமாச்சு. மன்னிப்பும் கேட்டாங்க. நாம பிளேயரைக் கேக்குறோம்னு நினைச்சா, பிளேயர் நம்மளக் கவனிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

இதுக்கு நடுவுல வந்தது வினாம்ப். 1997ல இதை வெளியிட்டப்போ ஜஸ்டின் ஃபிராங்கலுக்கு இருபது வயசுகூட ஆகல. எம்பி3 பாட்டு கேக்க வந்த சின்ன புரோகிராம் அது. கொஞ்ச நாள்லயே அவரோட நல்சாஃப்ட், ஷவுட்காஸ்ட்னு ஒரு இலவச சர்வரை வெளியிட்டுச்சு. அவ்வளவுதான், கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தா வீட்டுல இருந்தே ஸ்டேஷன் நடத்தலாம். லைசென்ஸ் செலவு போச்சு. ஆனா ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனி பிரதி போகணும். 128 கிலோபிட்ல பத்து பேர் கேட்டா, அனுப்புற பக்கம் 1280 கிலோபிட் வேணும். கூட்டம் கூடினா செலவும் கூடும்.

நேயர்களுக்கு என்ன மாறுச்சு? லிங்க்கைத் தட்டினா ".பி.எல்.எஸ்" இல்லன்னா ".எம்3யூ"ன்னு ஒரு குட்டி ஃபைல் இறங்கும். நோட்பேட்ல திறந்து பாருங்க, ஒலியே இருக்காது. ஸ்டேஷனோட முகவரி மட்டும் ரெண்டு மூணு வரியில இருக்கும். அந்த முகவரி கையில இருந்தா எந்த பிளேயர்லயும் கேக்கலாம். ஸ்டேஷனும் பிளேயரும் பிரிஞ்சது இங்கதான்.

1999ல ஏ.ஓ.எல். நல்சாஃப்டை வாங்குச்சு. அதே வருஷம் ஐஸ்காஸ்ட்னு திறந்த மூல சர்வர் ஒண்ணு வந்துச்சு. யார் வேணும்னாலும் அதோட நிரலைப் பாக்கலாம், மாத்தலாம். 2013ல ஏ.ஓ.எல். வினாம்பை மூடப்போறதா அறிவிச்சது, அடுத்த வருஷம் அது வேற கைக்கு மாறுச்சு. வினாம்புக்கே அந்த நிலைமை வந்தப்பவும் எம்பி3 ஸ்டேஷன்கள் நிக்கல, ஏன்னா முகவரி வேற பிளேயர்லயும் வேலை செஞ்சுது. இதுக்கு நேர்மாறா, 2015ல பிபிசி தன்னோட விண்டோஸ் மீடியா ஸ்ட்ரீம்களை நிறுத்தினப்போ, அதை மட்டுமே நம்பியிருந்த ரேடியோ பெட்டிகள் நல்லா இருந்தும் பிபிசி விஷயத்துல ஊமையாயிடுச்சு.

சரி, இப்போ எதைப் போடலாம்? என் பதில் வி.எல்.சி. 1996ல பாரிஸ்ல மாணவர் திட்டமா ஆரம்பிச்சது. 2001ல இருந்து திறந்த மூல மென்பொருள். கன்ட்ரோல்-என் அழுத்தி ஸ்ட்ரீம் முகவரியை ஒட்டினா போதும். 128 கிலோபிட்ல ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி டேட்டா ஆகும், அதையும் மனசுல வெச்சுக்கங்க.

வேற எதைப் போட்டாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நாளைக்கு இந்த சாஃப்ட்வேரை மூடிட்டா, எனக்குப் பிடிச்ச ஸ்டேஷன்களோட முகவரிய நான் வெளிய எடுத்துக்கிட்டுப் போக முடியுமா? முடியும்னா போடுங்க. முடியாதுன்னா, 1995ல ஸ்டேஷன் சொன்ன பிளேயரைப் போட்டவங்க நிலைமைதான் உங்களுக்கும்.