மைசூரு மைப்படிகள்: கரி நிலைக்கும், தாள் நிலைக்குமா?

தமிழகக் கல்வெட்டுகளின் வரலாற்றில் மைசூருவுக்குத் தனி இடமுண்டு. 1886இல் ஹுல்ட்ஷ் சென்னை மாகாணத்தின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றபின் படியெடுப்பு முறையாகத் தொடங்கிற்று. 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி வெளிவந்தது. பின்னர் உதகமண்டலத்தில் இயங்கிய அலுவலகம், 1966இல் மைசூருவுக்கு மாறியது. ஊர் ஊராகச் சேர்த்த மைப்படிகளும் உடன் சென்றன.

மைப்படி எடுக்கும் முறை எளியது. கல்லைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டுவர். தாள் எழுத்துப் பள்ளங்களில் படியும். பின் மை தோய்த்த துணிப்பந்தால் ஒற்றினால், மேடான பரப்பு கறுக்கும். பள்ளத்து எழுத்துகள் வெண்மையாய் நிற்கும்.

இம்மையின் உயிர் புகைக்கரி. கரி வெளிச்சத்தில் வெளிறுவதில்லை. இன்றைய இங்க்ஜெட் அச்சிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். நீரில் கரையும் சாய மை ஒளியிலும் ஈரத்திலும் விரைவில் மங்கும். நுண்துகள்களால் ஆன நிறமி மை நெடுநாள் நிற்கும். நிறமிகளுள் கரியே மிக உறுதியானது. ஆகவே நூறாண்டு கடந்த மைப்படியிலும் கருமை குன்றுவதில்லை.

குன்றுவது தாள். மரக்கூழில் எஞ்சும் லிக்னினும் அமிலமும் தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கின்றன. மடித்து அடுக்கிய படிகள் மடிப்பிலேயே முதலில் கிழிகின்றன. கிழியும் இடத்தில் ஓர் அரசனின் ஆட்சியாண்டோ ஊர்ப்பெயரோ இருக்கக்கூடும். ஈரமும் பூச்சியும் எஞ்சியதை அரிக்கின்றன.

கல் இருக்கும்வரை இவ்விழப்பை ஈடுசெய்யலாம், மீண்டும் படியெடுக்கலாம். ஆனால் திருப்பணியின்போது பெயர்க்கப்பட்டும், மணல் வீச்சால் தேய்ந்தும், சுண்ணாம்பு பூசப்பட்டும் மறைந்த கல்வெட்டுகள் பல. அவற்றுக்கு மைப்படியே ஒரே சான்று. படி வெளியிடப்படாததாயின், தாளோடு செய்தியும் அழியும்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு ஆணையிட்டது. படிகள் எந்த நகரில் இருக்க வேண்டும் என்பதே அன்று பெரிதும் பேசப்பட்டது. அதனினும் அடிப்படையானவை வேறு: அமிலமற்ற உறை, மடிக்காத அடுக்கு, சீரான ஈரப்பதம், தெளிவான மின்படிமம், விரைந்த பதிப்பு. கல்லில் வெட்டியோர் சந்திராதித்தர் உள்ளவரை என்றே கருதினர்; அவ்வெண்ணத்தை இன்று சுமப்பது ஒரு தாள்.