பிடுங்கி நட்ட பல்

பல் போனால் சொல் போச்சு என்பர் நம் முன்னோர். எழுத்துகளின் பிறப்பைக் கூறவந்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு முதலியவற்றோடு பல்லையும் எண்ணினார். தகர நகரங்கள் பிறக்க மேற்பல்லின் அடி வேண்டும் என்பதைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் நன்கறிவர். போன பல்லின் இடத்தில் வேறொரு பல்லை நட இயலுமா? இவ்வினாவோடு மருத்துவம் நெடுங்காலம் அலைந்தது.

இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பார்த்தார், அது ஒட்டிக்கொண்டது. பற்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் முதற்பகுதி 1771இல் வெளிவந்தது. செல்வர் வாயில் பல் நடுவது அந்நாளில் நாகரிகமாயிற்று. நட்ட பல்லோ பெரும்பாலும் ஏழைகளுடையது! ஒருவர் பல் பொருந்தாவிடில் அடுத்தவர் பல்லைப் பிடுங்கலாம் என்று, பலரை ஆயத்தமாக வைத்திருக்கும்படி ஹன்டரே அறிவுரை கூறினார். அறிஞர்தாம், ஆயினும் இதனைப் பொறுப்பது அரிது. 1787இல் ஓவியர் ரோலண்ட்சன் இக்கொடுமையை எள்ளிப் படம் வரைந்தார். அவ்வளவு செய்தும் அப்பற்கள் நிலைக்கவில்லை, நோய்தான் தொற்றியது. பிறர் திசுவை நம் உடல் ஏன் வெறுக்கிறது என்பதை 1940களில் ஆராய்ந்து தெளிந்த பீட்டர் மெடவார் 1960இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தன் பல்லுக்கு அப்பகை இல்லை. 1950களில் அமெரிக்கப் பல் மருத்துவர் சிலர், வேர் முற்றாத ஞானப்பல்லை எடுத்து, அதே மனிதர் இழந்த கடைவாய்ப்பல்லின் குழியில் நட்டனர். நாற்றின் பருவம் அறிந்த உழவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். வேர் முக்கால் பங்கு வளர்ந்து, நுனி திறந்திருக்கும் பருவமே நற்பருவம். இரத்த நாளங்கள் மீண்டும் உள்ளே புகும். வேரைப் போர்த்திய மெல்லிய சவ்வு காயவோ கிழியவோ கூடாது. அதுதான் பல்லை எலும்போடு பிணைப்பது. வேர் முற்றிய பல்லையும் நடலாம்; ஆனால் பின்னர் வேர்ச் சிகிச்சை வேண்டும்.

மலாயாவின் இளைஞர் முன்பு பல் மருத்துவம் பயிலச் சிங்கப்பூர் சென்றனர். அங்கே 1929இல் பள்ளி தொடங்கியது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலம் 1972இல் தோன்றியது. இன்று நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆயினும் ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்லைப் பாற்பல் என்றெண்ணிப் பெற்றோர் பலர் சொத்தையாக விட்டுவிடுகின்றனர். பதினாறு வயதில் அது பிடுங்கப்படுகிறது. வளரும் தாடையில் டைட்டானியத் திருகு பொருந்தாது. அதே வயதில், அதே தாடையில், ஞானப்பல் பாதி வேருடன் காத்திருக்கிறது. பின்னொரு நாள் அதுவும் பிடுங்கப்பட்டுக் குப்பைக்குப் போகிறது. பல்லின் வடிவும் எலும்பின் அகலமும் ஒத்துவந்தாலன்றி நடவு இயலாது என்பது உண்மையே. எனினும், பிடுங்குமுன் மருத்துவரிடம், "ஐயா, இதை அங்கே நடலாமா?" என்று கேட்கலாம்.